சாரல் காலமும் சிறுகாரின் டயரும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் குற்றால மலையின் முகடுகள் மேகத்துள் மறைகின்றன. ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்துவரும் காற்று தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை ஊர்களின் மேல் சாரலைத் தூவுகிறது. பேரருவியெனினும் ஐந்தருவியெனினும் நீராடி மகிழ மக்கள் திரள்கின்றனர். இதே நாட்களில்தான் நம் பங்குக் குடும்பங்களும் வழக்கத்தினும் மிகுதியாகப் பயணம் போகின்றன. ஆகஸ்டு 15-ல் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா. அதையடுத்து ஆகஸ்டு 29-ல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். இடையிடையே புனலூர், கொல்லம் பக்கத்துச் சுற்றங்களின் வீட்டு நன்மை தின்மைகள். முன்பு பேருந்தில் சென்றவர்கள் பலர் இன்று சொந்தமாக ஒரு சிறுகார் வைத்துள்ளனர். பழைய வண்டியாயினும் வீட்டார் அனைவரும் ஒன்றாகச் செல்ல முடிகிறது என்ற நிறைவு அவர்களுக்கு உண்டு. நல்லதுதான்.

ஆனால் அந்தக் கார் எதன்மேல் நின்று ஓடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? வண்டி வாங்கியதும் ஆலய வாசலில் நிறுத்தி, "சாமி, வண்டியை மந்திரித்துக் கொடுங்கள்" என்று பக்தியோடு கேட்கிறோம். புனித கிறிஸ்டோபர் படத்தையோ செபமாலையையோ கண்ணாடியருகே தொங்கவிடுகிறோம். இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும் தீர்த்தம் தெளிக்கப்பட்ட அந்த வண்டியின் டயர் தேய்ந்தோ, வெடித்தோ, காற்றிறங்கியோ இருக்குமாயின், நாம் இறைவனிடம் பாதுகாப்பைக் கேட்டுக்கொண்டே அவர் நமக்குத் தந்த அறிவைப் பயன்படுத்த மறுப்பவர்களாகிறோம். விவேகம் என்பது தலையாய நற்பண்புகள் நான்கனுள் ஒன்று என ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அந்த விவேகத்துக்கு டயர் கடையிலும் வேலையுண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நான்கு உள்ளங்கை அளவு

ஒரு சிறுகாரின் ஒவ்வொரு டயரும் எந்த நேரத்திலும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஒரு மனிதனின் உள்ளங்கை அளவேயாகும். தாய், தந்தை, பிள்ளைகள், பாட்டி, மூட்டை முடிச்சுகள் எல்லாம் சேர்ந்த பாரமும், வேகமும், திருப்பமும், பிரேக்கும் அந்த நான்கு உள்ளங்கை இடத்தின் பிடியையே நம்பியிருக்கின்றன. பிரேக் எவ்வளவு புதிதாயினும் அது சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயரின் பிடியே. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக.

காற்றடைத்த இந்த டயர் ஒரு தகப்பனின் பாசத்தோடு தொடர்புடையது. 1845-லேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது வழக்கில் நிலைக்கவில்லை. பின்னர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்காமல் ஓட வேண்டுமென்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். 1888-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பெற்ற பிள்ளை நோகாமல் போய்வர வேண்டும் என்ற அதே கவலைதான் இன்று நம்மையும் டயர் கடைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

டயருக்குரிய மூலப்பொருளும் நமக்கு அயலானதன்று. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவைத் தாண்டிப் புனலூர் நோக்கிச் செல்வோர் சாலையோரத் தோட்டங்களில் ரப்பர் மரங்களையும் அவற்றில் பால் வடியக் கட்டியிருக்கும் சிரட்டைகளையும் கண்டிருப்பர். அந்தப் பாலோடு செயற்கை ரப்பர், கரித்தூள், சிலிக்கா, எஃகுக் கம்பி, நைலான், பாலியெஸ்டர் இழை முதலியன சேர்ந்தே டயர் உருவாகிறது. டயரின் கருமைக்கு அக்கரித்தூளே காரணம். தேய்மானத்தைத் தாங்கும் வலிவையும் அது தருகிறது. சிலிக்கா ஈரச் சாலையில் பிடிப்பைக் கூட்டுகிறது.

சாரலில் நேர்வது என்ன?

பெருமழையினும் சாரலே பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. பெருமழை சாலையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் கழுவிக்கொண்டு போய்விடும். சாரலோ அவற்றைக் கழுவுவதில்லை, குழைத்துப் பூசிவிடுகிறது. பல நாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறலில் சாலை மிகவும் வழுக்குவது இதனால்தான். இந்த மெல்லிய படலத்தை ஊடுருவிச் சாலையைப் பற்றிக்கொள்ள டயரின் ரப்பர் இளக்கமாக இருத்தல் வேண்டும். காய்ந்து இறுகிய ரப்பருக்கு அந்தத் திறன் இல்லை.

பெருமழையின் ஆபத்து வேறு வகையானது. சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது வேகமாகச் சென்றால், டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்போது வண்டி ஓடுவதில்லை, மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. இந்த நீரை வெளியேற்றுவதற்காகவே டயரில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்து மெக்கானிக்குகள் "பட்டன்" என்று சொல்லும் அந்த மேடுபள்ளம் அழகுக்காக ஏற்பட்டதன்று. உலர்ந்த சாலையில் மொட்டை டயரும் ஓடிவிடும். நனைந்த சாலையில்தான் அதன் உண்மை நிலை வெளிப்படும்.

புதிய கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஆழமிருக்கும். அந்தப் பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு குறுக்கு மேடுகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது என்று பொருள். ஆனால் மழைச் சாலையில் பிடிப்புக் குறைவது அதற்கு முன்பே, 3 மில்லிமீட்டர் அளவிலேயே நன்கு தெரியத் தொடங்கிவிடும். ஆதலால் சாரல் நாட்டில் வாழும் நாம் கடைசி மேடு தெரியும்வரை காத்திருத்தல் தகாது. ஆனி பிறக்குமுன் பார்த்து, 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயரை மாற்றிவிடுவதே நன்று.

டயரின் பிறப்புச் சான்றிதழ்

இங்கே நம் வீட்டுக் கார்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வாடகைக் கார்களின் டயர் ஓடித் தேய்கிறது. நம் வீட்டுக் காரோ ஞாயிறு திருப்பலிக்கும், மருத்துவமனைக்கும், ஆண்டுக்கு இரண்டொரு திருத்தலப் பயணத்துக்கும் மட்டுமே வெளியே வருகிறது. மீதி நாட்களில் வாசல் வேப்பமரத்தடியில் வெயிலிலும் காற்றிலும் நிற்கிறது. ஆண்டுகள் பல சென்றபின்னும் பட்டன் புதிது போலிருக்கும். "பட்டன் நிறைய இருக்கிறதே, இப்போது எதற்கு மாற்ற வேண்டும்?" என்று வீட்டுத் தலைவர் கேட்பார். ஆனால் ரப்பர் ஓடினாலும் நின்றாலும் வயதாகிக்கொண்டே போகும் பொருள். காற்றிலுள்ள உயிர்வாயுவும், வெயிலும், வெப்பமும் அதை இறுகச் செய்கின்றன. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. உள்ளே எஃகுக் கம்பியும் ரப்பரும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. முழுப் பாரத்தோடு நீண்ட தூரம், வெப்பமான சாலையில், வேகமாகச் செல்லும் நாளில்தான் அது விட்டுப்போகும். அந்த நாள் பெரும்பாலும் குடும்பம் முழுவதும் வண்டியில் இருக்கும் திருத்தலப் பயண நாளாகவே அமையும்.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு எண்கள் இருக்கும். சில டயர்களில் அவ்வெண்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்குமாதலால், வெளிப்புறம் காணாவிடில் உட்புறம் பார்க்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில், அதாவது சூன் மாதத் தொடக்கத்தில், செய்யப்பட்டது என்று பொருள். டயர் நிறுவனங்கள் பலவும், செய்து ஐந்தாண்டு ஆனபின் ஆண்டுக்கொரு முறை தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்குமாறும், பத்தாண்டுக்குமேல் எக்காரணத்தாலும் வைத்திருக்க வேண்டாமெனவும் அறிவுறுத்துகின்றன. கார் நிறுவனங்கள் சில ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. வெயில் காயும் நம் நாட்டில் ஆறு ஆண்டு என்ற கணக்கைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

புதிய டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைக் கேட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். கடையில் நெடுநாள் கிடந்த டயரும் வயதான டயரே. கடைக்கார அண்ணாச்சி கோபித்துக்கொள்வாரோ என்று கூச வேண்டாம். மருந்துக் கடையில் தேதி பார்த்து மருந்து வாங்குவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

பக்கச் சுவரைப் படிக்கும் முறை

டயரின் அளவு ஓர் எண்வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மாருதி ஆல்ட்டோ 800 காரின் டயரில் 145/80 ஆர் 12 என்று காணலாம். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. அதாவது 116 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 1946-ல் பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதையடுத்து வரும் இரண்டு இலக்க எண் பாரக் குறியீடு. 74 எனில் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். 79 எனில் 437 கிலோ. 82 எனில் 475 கிலோ. அதன்பின் வரும் ஆங்கில எழுத்து, தாங்கக்கூடிய உச்ச வேகத்தைக் காட்டும். எஸ் எனில் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் எனில் 210. நாம் அவ்வேகத்தில் போகப் போவதில்லை, போகவும் கூடாது. எனினும் கார் நிறுவனம் குறித்த பாரக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் குறைந்த டயரை விலை மலிவென்று வாங்குதல் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

இளைஞர் சிலர் அகலமான டயர் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று விரும்புகின்றனர். அகலம் கூடினால் உலர்ந்த சாலையில் பிடிப்புச் சற்றுக் கூடலாம். ஆனால் தேங்கிய நீரில் அகலமான டயர் குறுகலானதைவிட எளிதில் மிதக்கும்; ஸ்டியரிங் கனக்கும்; எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். விட்டம் மாறினால் வேகமானியும் பொய் சொல்லும். 145/80 ஆர் 12 இருந்த இடத்தில் 155/80 ஆர் 12 போட்டால் விட்டம் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுகிறது. முன்பு 60 என்று முள் காட்டிய இடத்தில் இப்போது வண்டி 62 அளவில் ஓடும். ஆகவே ஓட்டுநர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ குறித்த அளவையே வாங்குதல் நன்று.

எதை வாங்குவது?

"சாமி, எந்தக் கம்பெனி டயர் நல்லது?" என்று கேட்போர் உண்டு. நம் நாட்டில் பெயர்பெற்ற நிறுவனங்கள் பல உள்ளன. 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதே இன்றைய எம்.ஆர்.எஃப். அப்போலோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், மிஷலின் எனப் பிறவும் உண்டு. ஆனால் ஒரே நிறுவனம் பல வகை டயர்களைச் செய்கிறது. ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட டயரின் குணத்தைக் கேட்பதே பொருத்தம்.

டயரிடம் நாம் மூன்றை எதிர்பார்க்கிறோம்: நீண்டநாள் உழைத்தல், எரிபொருள் மிச்சம், ஈரத்தில் பிடிப்பு. மூன்றையும் ஒருசேர முழு அளவில் தருவது எளிதன்று. நெடுநாள் தேயாத கடின ரப்பர் ஈரத்தில் சற்றுப் பிடிப்புக் குறைவாயிருப்பது வழக்கம். நன்கு பிடிக்கும் இளக்கமான ரப்பர் விரைவில் தேயும். நாளெல்லாம் ஓடும் வாடகைக் காருக்கு உழைப்பே பெரிதாகத் தோன்றும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் நம் வீட்டுக் காருக்கோ, "ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும்" என்ற வாக்குறுதியால் பயனில்லை. அத்தனை தூரம் ஓடுமுன் அதன் வயது முடிந்துவிடும். ஆகவே நாம் கேட்க வேண்டியது ஈரப் பிடிப்பையே. நடுவண் அரசும் 2022-ல் வெளியிட்ட அறிவிக்கையில் கார் டயர்களின் உருளும் தடை, ஈரப் பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றுக்கும் தர வரம்புகளை வகுத்தது. சில டயர்களின் பக்கச் சுவரில் ஈரச் சாலையில் நிறுத்தும் திறனை ஏ ஏ, ஏ, பி, சி என்று தரப்படுத்தி எழுதியிருப்பதையும் காணலாம். ஏ ஏ என்பதே உயர்ந்தது.

டியூப் இல்லாத டயரே மேல். ஆணி குத்தினால் அதிலிருந்து காற்று பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும். வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். டியூப் வைத்த டயரில் காற்று திடீரென இறங்கிவிடக்கூடும். பிறர் கழற்றிய பழைய டயரை வாங்குவதை முற்றிலும் தவிர்த்தல் நலம். அது எத்தனை குழியில் விழுந்தது, எவ்வளவு பாரம் சுமந்தது, உள்ளே எங்கே ஒட்டுப் போட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் நான்குக்கும் சேர்த்து 2,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு அது மாதம் 33 ரூபாய். இரண்டு மூன்று தேநீர்ச் செலவு. வண்டிக்கு இருக்கை உறையும் பாட்டுப் பெட்டியும் வாங்கத் தயங்காத நாம், இதிலே மட்டும் சிக்கனம் பிடிப்பது சரியாகாது.

நான்கையும் ஒருங்கே மாற்ற இயலாத குடும்பங்கள் உண்டு. இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றை முன்னே போடுவதுதான் பரவலான பழக்கம். டயர் வல்லுநர்கள் சொல்வது இதற்கு மாறானது. புதியவற்றைப் பின்னேதான் போட வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திருப்பத்தில் நேரே செல்ல முயலும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி சுழன்றுவிடும். அதைத் திருத்தும் திறமை நம்மில் மிகச் சிலர்க்கே உண்டு. கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் மலைப்பாதையில், எதிரே பாரவண்டிகள் ஏறிவரும் வளைவில், வண்டி சுழன்றால் என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

காற்றும் ஸ்டெப்னியும்

எவ்வளவு நல்ல டயராயினும் காற்றுச் சரியில்லையெனில் பயனில்லை. ஓட்டையே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒரு பவுண்டு அளவில் காற்று தானாகவே இறங்கும். "மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும்" என்று சிலர் சொல்வது தவறு. காற்றுக் குறைந்த டயர் நீரில் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும்; உலர்ந்த சாலையில் அளவுக்குமேல் சூடேறிக் கெடும். டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு; நாம் பிடிக்க வேண்டிய அளவு கதவோரத் தாளில் உள்ளது. குடும்பம் முழுவதும் மூட்டைகளோடு போகும்போது அத்தாளில் முழுப் பாரத்துக்கென்று குறித்த அளவைப் பிடிக்க வேண்டும். வண்டி ஓடிச் சூடாகுமுன் பிடிப்பதே சரியான கணக்கு.

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். 1904-ல் வேல்சு நாட்டின் லனெத்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கியதால் வந்த பெயர் அது. பெயர் நினைவிருக்கும் அளவுக்குப் பொருள் நினைவிருப்பதில்லை. டிக்கியின் அடியில் காற்றின்றிக் கிடக்கும் ஸ்டெப்னி, மணமகன் வரும் வேளையில் எண்ணெயின்றிக் கிடந்த விளக்குக்கு ஒப்பாகும். அதற்கும் வயதுண்டு, அதற்கும் காற்றுண்டு.

ஐந்தாம் கட்டளையும் சாலையும்

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் மாண்டோர் 1,68,491 பேர் என நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு மாநிலங்களுள் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடுதான். இவையனைத்தும் டயரால் நேர்ந்தவையல்ல. வேகமும், மதுவும், கவனக்குறைவும் பெரும் காரணங்கள். ஆயினும் நம் கையில் இருக்கும் காரணம் எதுவோ அதை நீக்குவது நம் கடமை.

திருச்சபை இதைச் சிறு காரியமாகக் கருதவில்லை. சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பாரமான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியிலே போதிக்கிறது. 2007-ஆம் ஆண்டு சூன் மாதம் வத்திக்கான், சாலைப் பயணத்துக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, அதில் வண்டி ஓட்டுவோர்க்கெனப் பத்துக் கட்டளைகளையும் தந்தது. அவற்றுள் முதலாவது கொலை விலக்கும் கட்டளையே. தேய்ந்த டயரால் வழுக்கும் வண்டி மோதுவது நம் பிள்ளைகள்மீது மட்டுமன்று. ஓரமாக மிதிவண்டியில் வரும் ஏழைத் தொழிலாளிமீதும் அது மோதக்கூடும்.

ஆகவே வாசகப் பெருமக்களே, இவ்வாண்டு சாரல் தொடங்குமுன் ஒரு ஞாயிறு மாலை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு ஐந்து டயரையும் சுற்றிவந்து பாருங்கள். நான்கு எண்களைப் படித்து வயதைக் கணக்கிடச் சொல்லுங்கள், பட்டன் ஆழத்தையும் பக்கச் சுவரின் வெடிப்பையும் காட்டுங்கள், காற்றைச் சோதியுங்கள். மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். அதன்பின் வண்டியை மந்திரிக்க ஆலயத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தப் பங்குத்தந்தையும் மனநிறைவோடு தீர்த்தம் தெளிப்பார்.